கேள்விப்பட்டவங்க

ஒரே ரேடியோ. ஆனா கேக்குற ஆளுக்கு ஆள் வேற வேற மாதிரி பேசும். இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்னு சென்னையில நாற்றிசைங்கிற கம்பெனி யோசிச்சுச்சு. யோசிச்சதோட விடல, செஞ்சும் காட்டிருச்சு. கோயம்புத்தூர்க்காரருக்குக் கோயம்புத்தூர் பேச்சு, நாகர்கோவில்காரருக்கு நாகர்கோவில் பேச்சு. டாக்சி ஓட்டுறவருக்கு எந்த ரோட்ல நெரிசல்னு சொல்லும், தக்காளி போட்டவருக்கு அன்னைக்குத் தக்காளி என்ன விலைன்னு சொல்லும். லட்சம் பேர் கேட்டா லட்சம் ரேடியோ. இதுக்குத் தனிக்குரல்னு பேரு வச்சாங்க. தமிழ்நாட்டுல இருந்த சின்னச் சின்ன ஸ்டேஷன் எல்லாத்தையும் வாங்கி முடிச்சதும் கம்பெனிக்கு விரிய இடமில்ல. கடலுக்கு அந்தப் பக்கம் பாத்தாங்க. தமிழ் கேக்குற ஊரு, பாஷைக்குத் தனியாச் செலவு இல்ல. யாழ்ப்பாணம்னு முடிவாச்சு.

அங்க போய் மெசினை நிறுத்தி நடத்துறதுக்கு யாரை அனுப்புறதுன்னு பாத்தப்ப, குழந்தை குட்டி இருக்கிற யாரும் போக மாட்டேன்னுட்டாங்க. அப்பதான் இசக்கி பேரு வந்துச்சு. இசக்கிக்குக் காலேஜ் படிப்பெல்லாம் கிடையாது. வள்ளியூர்ல மாமா வச்சிருந்த சவுண்டு சர்வீஸ்ல கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் ஸ்பீக்கர் கட்டிக் கட்டி, தானாவே வேலை கத்துக்கிட்டு கம்பெனிக்குள்ள வந்தவ. ஒத்தை ஆளு. நீ போறியான்னு கேட்டாங்க, சரின்னுட்டா.

யாழ்ப்பாணத்துல அவளுக்கு ரூம் கிடைச்ச ஏரியாவுக்குப் பேரு திருநெல்வேலி. திருநெல்வேலிக்காரி கடலைத் தாண்டி வந்து திருநெல்வேலியிலயே குடியிருக்கான்னு ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அவளும் முதல் வாரம் சிரிச்சா. அப்புறம் சாயங்காலம் பஸ்ல கண்டக்டர் "திருநெல்வேலி இறங்கு"ன்னு சத்தம் போடும்போதெல்லாம் நெஞ்சுல ஒண்ணு திடுக்குனு எந்திரிக்கும். இறங்கிப் பாத்தா வேற ஊரு.

கம்பெனி வாங்கின ஸ்டேஷன் பேரு சோளகம் வானொலி. ஆஸ்பத்திரி வீதிக்குப் பின்னால ஒரு மாடி வீடு, கூரை மேல இரும்புக் கோபுரம். அதை நடத்திட்டிருந்த குகதாசன்தான் வித்தவர். வித்துட்டு அதே நாற்காலியில மேனேஜரா உக்காந்துட்டாரு. முந்தி முதலாளியா இருந்தனான், நித்திரை வராது, இப்ப சம்பளக்காரன், வடிவா நித்திரை வருதுன்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு.

இன்னொருத்தங்க தேவமலர். அம்பதைத் தாண்டினவங்க. புருஷன் இல்ல, மகன் நோர்வேல. சோளகத்துல காலையில மரண அறிவித்தல் வாசிக்கிறது அவங்கதான். யாழ்ப்பாணத்துல அவங்க முகம் தெரியாதவங்க உண்டு, குரல் தெரியாதவங்க இல்ல. அடுப்பங்கரையில தேங்காய் துருவிட்டு இருக்கிறவங்க அந்தக் குரல் வந்ததும் கையை நிறுத்திருவாங்க. இசக்கியை அவங்க முதல் நாளே பிள்ளைன்னு கூப்பிட்டாங்க. சாப்பிட்டியோ பிள்ளை, தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ பிள்ளைன்னு. வந்த இடத்துல அவளுக்குன்னு இருந்த ஒரே அக்கா அவங்கதான்.

தனிக்குரல் வந்து கெடுத்துச்சுன்னு மட்டும் சொன்னா அது பொய். வந்த வருஷமே ஐப்பசியில ஒரு புயல் திரும்பிச்சு. பழைய ரேடியோவா இருந்தா கடலுக்குப் போகாதீங்கன்னு ஒரு வரி சொல்லும், ஏற்கெனவே போனவங்களுக்கு அதனால என்ன புண்ணியம்? இந்த மெசின் ஒவ்வொரு போட்டும் எங்க நிக்குதுன்னு பாத்து, நெடுந்தீவுப் பக்கம் நின்னவங்களை ஒரு வழியாவும் மயிலிட்டிப் பக்கம் நின்னவங்களை இன்னொரு வழியாவும் திரும்பச் சொல்லுச்சு. அதுவும் அவங்கவங்க கரையில பேசுற பேச்சுலயே. எல்லாப் போட்டும் வந்து சேந்துச்சு. மறுநாள் ஒரு பொம்பளை கூடை நிறைய நண்டு கொண்டுவந்து ஸ்டேஷன் வாசல்ல வச்சு, இதுக்குள்ள இருக்கிற மெசினுக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. நண்டைக் குகதாசன் தின்னாரு. இசக்கி அன்னைக்கு மொட்டை மாடியில நின்னு, நாம நல்லதுக்குத்தான் வந்திருக்கோம்னு தனக்குள்ள சொல்லிக்கிட்டா.

இடைஞ்சல் மரண அறிவித்தல்ல ஆரம்பிச்சுச்சு.

சென்னையில இவளுக்கு மேல இருந்தவர் பிரதாப். கெட்ட மனுஷன் இல்ல. காலையில ஜனங்க அதிகமா ரேடியோ கேக்குற நேரத்துல அரை மணி நேரம் சாவு வாசிக்கிறீங்க, சோப்புக் கம்பெனிக்காரன் விளம்பரம் தர மாட்டேங்கிறான், இளசுங்க எல்லாம் ரேடியோவை அமத்திடுறாங்க, என்ன பண்ணலாம்னு கேட்டாரு. யோசனை சொன்னது இசக்கிதான். நிப்பாட்ட வேண்டாம் சார், யாருக்கு வேணுமோ அவங்களுக்கு மட்டும் அனுப்புவோம்னா. செத்தவங்களோட யார் போன்ல பேசிட்டு இருந்தாங்க, அறிவித்தல்ல யார் யார் பேரு வருது, யார் அந்தத் தெரு, யார் கூடப் படிச்சவங்க, இதெல்லாம் மெசினுக்குத் தெரியும். அவங்க காதுக்கு மட்டும் போகட்டும். நேரமும் மிச்சமாகும், அறிவித்தலுக்குக் காசும் வாங்க வேண்டாம்.

எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. காசு இல்லைன்னதும் இல்லாதப்பட்டவங்க வீட்டு அறிவித்தலும் வர ஆரம்பிச்சுச்சு. கனடாவுல இருக்கிற மச்சானுக்கும் லண்டன்ல இருக்கிற மருமகளுக்கும் அதே நிமிஷம் போய்ச் சேந்துச்சு. வாசிக்கிறதுக்குத் தேவமலரோட குரலையே மெசினுக்குக் கொடுத்தாங்க. மழைக்காலம் பூரா கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து பேசிப் பேசிப் பதிஞ்சாங்க. ஒரே குரல், ஒரே காலையில, நூறு வீட்டுல நூறு சாவு வாசிச்சுச்சு. அவங்களை மத்தியானப் பாட்டு நிகழ்ச்சிக்கு மாத்தினாங்க. இவ்வளவு காலம் சாவு வாசிச்ச வாய், இனிக் கொஞ்சம் பாட்டுப் போடட்டும்னு அவங்களுக்கும் சந்தோஷந்தான்.

கொஞ்ச நாள் கழிச்சு டீ குடிக்கும்போது தேவமலர் ஒண்ணு சொன்னாங்க. "இப்ப யாழ்ப்பாணத்தில ஒருதரும் சாகிறேல்லைப் போல கிடக்கு பிள்ளை. என்ர ரேடியோ ஒரு சாவும் சொல்லுதில்லை."

குகதாசன் டீயோட சிரிச்சாரு. மெசின் வந்த பிறகு யமனும் இந்தியாவுக்கு மாற்றலாகிட்டான்னாரு. இசக்கியும் சிரிச்சா. அவங்களுக்குச் சொந்தம் கம்மி, அதான் வரலன்னு நினைச்சா. அதுக்கு மேல யோசிக்கல.

ஒரு திங்கக்கிழமை தேவமலர் வேலைக்கு வரல. போன் எடுக்கல. மத்தியானம் பாட்டு நிகழ்ச்சியை மெசினே பேசி ஒப்பேத்திருச்சு. சாயங்காலம் இசக்கி அவங்க வீட்டுக்குப் போனா. கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள நாற்காலியில உக்காந்திருந்தாங்க. காலடியில சந்தைப் பை அப்படியே கிடந்துச்சு, உள்ள கத்திரிக்காய் வாடிப்போய்.

அவங்க சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிஞ்சுச்சு. முந்தின நாள் சந்தையில மரக்கறி விக்கிற ஒரு பொம்பளை, வேலணையைச் சேந்தவ, இவங்க குரலை வச்சு அடையாளம் கண்டுக்கிட்டாளாம். சொந்த அண்ணன்ர சாவைச் சொந்த வாயால வாசிச்சுப்போட்டுச் செத்தவீட்டுக்கு வராமல் இருந்திட்டியளே, உங்கட நெஞ்சு என்ன கருங்கல்லோன்னு கேட்டிருக்கா. இவங்களுக்கு ஒண்ணும் விளங்கல. திருப்பிக் கேட்டப்பதான், அண்ணன் சற்குணராசா செத்து, எரிச்சு, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சிருக்கு.

அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு விட்டுப் பல வருஷம். தேவமலர் கட்டினது வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவரை. அண்ணன் சைவக்காரர், எனக்குத் தங்கச்சி இல்லைன்னு சொல்லிட்டாரு. அதோட முடிஞ்சு போச்சு. போனும் இல்ல, நல்ல நாள் பெரிய நாளும் இல்ல. மெசின் பாத்துச்சு. ஒருத்தருக்கொருத்தர் பேசுறதில்ல, போக்குவரத்து இல்ல. அறிவித்தல் எழுதிக் கொடுத்த அண்ணன் மகன் கோவத்துல அத்தை பேரையும் போடல. ரெண்டு பேருக்கும் சம்பந்தம் இல்லைன்னு மெசின் முடிவு பண்ணிருச்சு. அது கணக்குப்படி சரிதான். சண்டை போட்ட உறவும் உறவு இல்லாததும் அதுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இசக்கி தயங்கித் தயங்கிச் சொன்னா. இப்பவாவது போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தா என்னக்கா, நானும் கூட வர்றேன்னு.

தேவமலர் இல்லைன்னு தலையாட்டினாங்க. "உங்கட ஊரில எப்பிடியோ தெரியாது. இஞ்ச கலியாணத்துக்கு வீட்ட வந்து சொல்லோணும். சொல்லாட்டிப் போகேலாது. செத்தவீட்டுக்கு ஒருதரும் ஒருதருக்கும் சொல்லுறேல்லை. கேள்விப்பட்டவன் போகோணும். கோவக்காரனும் போகலாம், ஒருதரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். பிரேதம் கிடக்கிற வரைக்கும்தான் அந்தப் படலை திறந்து கிடக்கும் பிள்ளை. அதுக்குப் பிறகு விசாரிக்கப் போறதெல்லாம் கதைபேச்சு இருக்கிற ஆக்கள். முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு அவை சொல்லோணும். எனக்குச் சொல்ல மாட்டினம்."

அப்புறம் அவங்களே சொன்னாங்க. "என்ர மனுசன் மோசம் போனபோது அண்ணை வந்தவர். நான் சொல்லேல்லை. ரேடியோவில கேட்டிட்டு வந்தவர். சேர்ச்சுக்குள்ள வரேல்லை. வெளியில வெயிலுக்க நிண்டு, குழிக்கு ஒரு பிடி மண் போட்டிட்டு, என்னோட ஒரு சொல்லுக் கதைக்காமப் போனவர். ஆனா வந்தவர். நானும் போயிருக்கோணும்."

அவங்க அழல. யோசனை யாரோடதுன்னு அக்கா ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் இசக்கி, சற்குணராசா வீடு இருக்கிற வேலணைத் தீவுக்குப் பஸ் ஏறினா. கடலுக்கு நடுவுல போட்ட ரோட்டுல பஸ் போச்சு, ரெண்டு பக்கமும் முழங்கால் தண்ணியில ஆளுங்க வலை இழுத்துட்டு இருந்தாங்க. என்ன சொல்றதுன்னு வழி பூரா வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டா. வாசிச்சது அக்கா இல்ல, மெசின். அக்காவுக்குத் தெரியாது. இவ்வளவுதான். இதைச் சொன்னாப் போதும், புரிஞ்சுக்குவாங்க.

வீட்டு வாசல்ல இன்னும் பந்தல் பிரிக்கல. சற்குணராசாவோட சம்சாரம் சிவயோகம் பாய்ல உக்காந்திருந்தாங்க. மகன் நிரோசன் நாற்காலியில இருந்து எந்திரிக்காம யார்னு கேட்டான். ரேடியோ ஸ்டேஷன்னு சொன்னதும் அவன் முகம் இறுகிருச்சு. சிவயோகம்தான் உக்காரச் சொல்லி, தண்ணி கொண்டுவரச் சொன்னாங்க.

இசக்கி சொன்னா. பாடம் பண்ணினது எல்லாம் போய், குளறிக் குளறித்தான் சொன்னா. அந்தம்மா குறுக்கே பேசாமக் கேட்டுக்கிட்டாங்க. மெசின்தான் வாசிக்கிறதுன்னு எங்களுக்கும் தெரியும் பிள்ளைன்னாங்க. குகதாசன் அதை ரேடியோவுலயே சொல்லியிருந்தாராம். ஆனா இது சொந்த அண்ணன் சாவு. இதை மட்டும் அவ மெசினை விலக்கிட்டுத் தானே வாசிச்சிருக்கான்னு நினைச்சோம்னாங்க.

ஏன் அப்படி நினைச்சீங்கன்னு இசக்கி கேட்டா.

"குரல் உடைஞ்சது பிள்ளை. இவரின்ர பேர் சொல்லேக்க அவவுக்கு வரேல்லை. ஒருக்கா நிப்பாட்டி, மூச்சு எடுத்து, பிறகு சொன்னவ. அழுதது எங்களுக்குக் கேட்டது. அவ அழுதிட்டா, இனி வருவா எண்டு நான் இருந்தன். பொழுது படுது, எடுக்கோணும் எண்டு ஆம்பிளையள் பேசினவை. தங்கச்சி வாறா, பெட்டியை மூடாதேங்கோ எண்டு நான் விடேல்லை. கடைசி பஸ்ஸும் வந்திட்டுப் போட்டுது."

இசக்கிக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. போன மாசம் சென்னையில இருந்து மெசினுக்குப் புதுசா ஒண்ணு ஏத்தினாங்க. கேக்குறவங்களோட நெருக்கத்துக்குத் தக்கபடி குரல் மாறும். தூரத்துச் சொந்தத்துக்குச் சாதாரணமா வாசிக்கும். பொண்டாட்டி பிள்ளைக்கு வாசிக்கும்போது கொஞ்சம் தழுதழுக்கும். அப்படி வாசிச்சாக் கேக்குறவங்களுக்கு ஆறுதலா இருக்குன்னு சென்னையில சோதிச்சுப் பாத்தாங்க. அந்த விவரம் இசக்கிக்கும் வந்துச்சு. படிச்சுட்டு, சரின்னு ஒரு பொத்தானை அமுக்கினவ அவதான்.

இப்ப அவ முன்னாடி ரெண்டு வழிதான். அக்கா அழுதாங்கன்னு விட்டுட்டா, அழுதுட்டும் வராத கல்நெஞ்சுக்காரி ஆயிருவாங்க. அக்காவுக்குத் தெரியவே தெரியாதுன்னு சொன்னா, அந்த அழுகையும் போயிரும். இந்தம்மா இத்தனை நாளும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்திருக்காங்க.

மனசு பொய் பக்கம் சாஞ்சுச்சு. ஆனா அவ வந்தது நிஜத்தைச் சொல்ல. "அது அக்கா இல்லம்மா"ன்னா. "அழுததும் அவங்க இல்ல."

சிவயோகம் அவளையே பாத்தாங்க.

"அப்ப அழுதது ஆர்?"

யாரும் அழலம்மான்னு இசக்கி சொன்னா. கொல்லைப்பக்கம் யாரோ வாளி வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

நிரோசன்தான் முதல்ல வாயைத் திறந்தான். தேவமலர் மாமி பேரை வெட்டினது நான்தான்னான். முந்தியும் எங்கட ஊரில கோவத்துக்குப் பேர் வெட்டுறவை, பேர் வெட்டுப்பட்டவையும் ரேடியோவில கேட்டிட்டு வந்து நிப்பினம், அதுதான் வழமைன்னான். வெட்டினா அவவுக்குக் கேக்கவே கேக்காது எண்டு எனக்குத் தெரியாதுன்னான். சொல்லி முடிச்சதும் எந்திரிச்சுப் பந்தலுக்கு வெளியில போய் நின்னுக்கிட்டான்.

வாங்கம்மா, இப்பவே போய் அக்காகிட்டச் சொல்லுவோம்னு இசக்கி கேட்டுப் பாத்தா. அந்தம்மா ஒத்துக்கல. தேவமலர் வாசல்ல போய் வா வான்னு கூப்பிட்டா அது செத்தவீடு இல்ல, விருந்துன்னாங்க. கூப்பிட்டு வந்தா, கூப்பிட்டதுக்காக வந்தவங்கன்னுதான் ஊர் பாக்கும். இவங்க வீட்டுக்காரரு தேவமலர் வீட்டுச் சாவுக்குக் கூப்பிடாமத்தானே போனாரு?

"திரும்ப வாசியுங்கோ. முந்தி வாசிச்ச மாதிரி, எல்லாருக்கும் கேக்க. அவ கேக்கட்டும். கேட்டா வருவா. அதுவரைக்கும் நான் பந்தல் பிரிக்க மாட்டன்."

திரும்பி வர்ற பஸ்லயே இசக்கி பிரதாப்புக்குப் போன் போட்டா. அவரு பொறுமையாத்தான் கேட்டாரு. பாவமா இருக்கு இசக்கி, தேவமலருக்கு மட்டும் அறிவித்தலை அனுப்பிருன்னாரு. அவங்களுக்கு மட்டும் அனுப்பினா அது அழைப்பிதழ் சார், எல்லாருக்கும் போகணும்னா இவ. அவரு தனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துச் சொன்னாரு. காசு வாங்காம எத்தனை வீட்டுச் சாவை வாசிக்கிறோம், வெளிநாட்டுல எத்தனை பேருக்குப் போய்ச் சேருது, குரல் தழுதழுத்தது ஆறுதலா இருந்துச்சுன்னு எத்தனை குடும்பம் எழுதியிருக்கு. எதுவும் பொய் இல்ல. இசக்கி எல்லாத்துக்கும் ஆமா சார் போட்டா.

"ஒருத்தங்களுக்காக அத்தனை பேரையும் சம்பந்தம் இல்லாத சாவைக் கேக்க வைக்கச் சொல்றியா?"

"ஆமா சார். இங்க அதுதான் வழக்கம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டாரு. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பேசலாம், அதுவரைக்கும் எதையும் தொடாத, தொட்டா உன்னைத் திருப்பிக் கூப்பிடுறதைத் தவிர எனக்கு வேற வழி இருக்காதுன்னாரு. மிரட்டலாச் சொல்லல. உள்ளதைச் சொன்னாரு.

எல்லாருக்கும் ஒரே குரல் போற வழி மெசின்ல ஒண்ணு இருந்துச்சு. புயல், சுனாமின்னு வந்தா மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரே பேச்சை எல்லாக் காதுக்கும் அனுப்புறதுக்குன்னு வச்சது. அதைத் திறக்க இசக்கியும் மேனேஜரும் ரெண்டு பேரும் சேந்து கை வைக்கணும். அவ குகதாசன்கிட்டப் போய் நடந்ததை எல்லாம் சொன்னா. அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டே இருந்தாரு. வேலை போயிரும் அண்ணேன்னா.

"போனாப் பிறகு திரும்ப நித்திரை வராது, அவ்வளவுதானே"ன்னாரு. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "நான் ஸ்டேஷனை வித்தனான் பிள்ளை. செத்தவீட்டை விக்கேல்லை"ன்னாரு.

தேவமலர்கிட்ட இசக்கி சுத்தி வளைக்கல. வேலணைக்குப் போனேன், நாளைக்குக் காலையில மரண அறிவித்தல் எல்லாருக்கும் போகுது, மெசின் வாசிக்காது, நீங்க வாசிக்கணும்னா. அங்க என்ன பேசினாங்கன்னு அக்கா கேக்கல. கேட்டா அங்க இருந்து அழைப்பு வந்ததா ஆயிரும்னு நினைச்சாங்களோ என்னமோ. குரல் உடைஞ்ச கதையை மட்டும் இசக்கி சொல்லித்தான் ஆகணும்னு சொன்னா. உங்க குரல்ல மெசின் அழுதுச்சுக்கா, நான்தான் பொத்தானை அமுக்கினேன். "நான் ஒரு நாளும் வாசிக்கேக்க அழுததில்லை"ன்னாங்க, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில தேவமலர் வெள்ளைச் சேலையில வந்தாங்க. கையில ஒரு கைப்பை. கண்ணாடி ரூமுக்குள்ள போய் உக்காந்து, மைக்கைத் தன் உயரத்துக்குச் சரி பண்ணிக்கிட்டாங்க. நிரோசன் அனுப்பின புது அறிவித்தலை இசக்கி அவங்க முன்னாடி வச்சா. அவங்க அதைப் படிச்சுப் பாக்கல. முன்னாடியே படிக்கிறது அவங்க பழக்கம் இல்ல, எந்தச் சாவையும் ஊரோட சேந்துதான் கேக்கணும்னு சொல்லுவாங்க.

குகதாசனும் இசக்கியும் கை வச்சாங்க. யாழ்ப்பாணத்துல தக்காளி விலை கேட்டுட்டு இருந்தவங்களுக்கும், பாட்டுக் கேட்டுட்டு இருந்தவங்களுக்கும், கடல்ல போட்ல காத்து நிலவரம் கேட்டுட்டு இருந்தவங்களுக்கும் எல்லாம் ஒரே நேரத்துல நின்னுச்சு. அப்புறம் அந்தக் குரல் வந்துச்சு.

"மரண அறிவித்தல். வேலணை மேற்கைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கந்தையா சற்குணராசா அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற கந்தையா நாகம்மா தம்பதியரின் அன்பு மகனும், சிவயோகத்தின் அன்புக் கணவரும், நிரோசன், கோகிலா ஆகியோரின் பாசமிகு தந்தையும்,"

அடுத்த வரிக்குக் கண்ணு போச்சு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ன இசக்கிக்குத் தெரிஞ்சுச்சு, அந்த வரியில என்ன இருக்குன்னு.

"தேவமலரின் அன்புச் சகோதரரும் ஆவார்."

குரல் உடையல. ஊர்ல வேற எந்தச் சாவை வாசிச்சாலும் எப்படி வாசிப்பாங்களோ அப்படித்தான் வாசிச்சாங்க. "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்"னு முடிச்சு, மைக்கை அமத்தினாங்க. பேப்பரை நாலா மடிச்சு மேசையில வச்சாங்க. கைப்பையை எடுத்துக்கிட்டு வெளியில வந்தாங்க.

"கேள்விப்பட்டிட்டன் பிள்ளை"ன்னாங்க. "இனிப் போகலாம்."

மேசை மேல சென்னை நம்பர் அடிக்க ஆரம்பிச்சுச்சு. குகதாசன் போனைப் பாத்தாரு, இசக்கியைப் பாத்தாரு. அவ எடுக்கல. கதவுக்குப் பின்னால மாட்டியிருந்த பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, படியிறங்கிப் போயிட்டிருந்த அக்காவைப் பிடிக்க வேகமா இறங்கினா.

நீ எங்க வாறாய்னு தேவமலர் திரும்பிக் கேட்டாங்க.

"நானும் கேட்டேன்லக்கா"ன்னா இசக்கி.

தேவமலர் பஸ் ஸ்டாண்டுக்குப் போற பக்கம் நடந்தாங்க, இவ கூட வந்து சேர்ற அளவுக்கு மெதுவா.